ஓர் எழுத்துப் பிழைக்கு இரண்டு மருந்து: நூசினெர்சென், ரிஸ்டிப்ளாம்

எஸ்.எம்.ஏ. (ஸ்பைனல் மஸ்குலர் அட்ரஃபி) என்ற தசை நலிவு நோய்க்கான இரண்டு மருந்துகளின் கதை டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைச் சுற்றியே நடக்கிறது. டி.டி.சி. இருக்க வேண்டிய இடத்தில் டி.டி.டி. இருக்கிறது. எஸ்.எம்.என்.1, எஸ்.எம்.என்.2 என்ற இரட்டைப்பிறவி மரபணுக்களுக்கு இடையே பெரிதாகப் பேச வேண்டிய வித்தியாசம் இந்த ஓர் எழுத்துதான். இரண்டுமே ஃபீனைல்அலனைன் என்ற ஒரே அமினோ அமிலத்தைக் குறிப்பவை. வகுப்பில் இந்த இடத்துக்கு வந்ததும், "அப்படியானால் புரதம் மாறாதே, சார்" என்பார்கள் மாணவர்கள். படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சிக்கல் புரதத்தில் இல்லை, அதற்கு முன்னால் நடக்கும் ஸ்பிளைசிங்கில் இருக்கிறது. மரபணுவிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. நகலில், புரதத்துக்கு வேண்டாத துண்டுகளான இன்ட்ரான்களை நறுக்கி எறிந்துவிட்டு வேண்டிய துண்டுகளான எக்ஸான்களை ஒட்ட வேண்டும்; ஸ்பிளைசிங் என்பது இதுதான். எதை வைத்துக்கொள்வது என்பதற்கான அடையாளங்கள் எக்ஸானின் ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும் உண்டு. ஏழாவது எக்ஸானின் ஆறாவது எழுத்து 'சி' ஆக இருந்தால் எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 என்ற புரதம் அங்கே உட்கார்ந்து, இந்த எக்ஸானைச் சேர்த்துக்கொள்ள வழிசெய்கிறது. எழுத்து மாறினால் அதன் பிடி தளர்கிறது, தடுக்கும் புரதங்களுக்கு இடம் கிடைக்கிறது. எது முதல் காரணம் என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். விளைவில் சந்தேகமில்லை: எஸ்.எம்.என்.2 தரும் ஆர்.என்.ஏ.வில் பெரும்பகுதி ஏழாவது எக்ஸான் இல்லாமலே வெளிவருகிறது. அதிலிருந்து வரும் குட்டைப் புரதம் நிலைக்காமல் சிதைந்துவிடும். முழுப் புரதம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தேறும்.

எஸ்.எம்.என்.1 நன்றாக இருப்பவருக்கு இதனால் கேடில்லை. அதன் இரு நகல்களும் பழுதான குழந்தைக்கு அந்தப் பத்தில் ஒரு பங்குதான் கதி. தண்டுவடத்தின் இயக்க நரம்புகள் மடிந்து தசை நலிகிறது. எஸ்.எம்.ஏ. என்பது இதுதான், ஏறக்குறைய 10,000 பிறப்புக்கு ஒன்று. ஏழாவது எக்ஸானை மறுபடி உள்ளே கொண்டுவரும் மருந்துகள் இரண்டு. இரண்டுமே அந்த எழுத்தைத் தொடுவதில்லை. பிழை அப்படியே இருக்கிறது. ஆகவே ஆயுள் முழுக்க மருந்து வேண்டும்.

2006இல் ரவீந்திர சிங்கும் சக ஆய்வாளர்களும், எக்ஸானை ஒட்டிய ஏழாவது இன்ட்ரானுக்குள் ஒரு தடைத்துண்டு இருப்பதைக் கண்டார்கள். தடுக்கும் புரதங்கள் அதன் மேல்தான் குந்துகின்றன. நூசினெர்சென் 18 எழுத்துள்ள செயற்கை இழை. அந்தத் துண்டின் மேல் படிந்து மூடிவிடுகிறது. உட்கார இடமில்லாததால் தடை விலகுகிறது. அமெரிக்காவில் 2016 டிசம்பரில் அனுமதி பெற்றது.

ரிஸ்டிப்ளாம் வேறு கதவைத் தட்டுகிறது. எக்ஸானின் கடைசி எழுத்து பெரும்பாலும் 'ஜி' ஆக இருக்கும், இங்கே 'ஏ'. வெட்டும் இடத்தைப் பிடிக்க வரும் யு1 என்ற துகளோடு அது சரியாகப் பொருந்தாமல் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் புடைப்பை மருந்து அணைத்துப் பிடித்து இணைப்பை இறுக்குகிறது என்று, இதே குடும்பத்து மூலக்கூறு ஒன்றை வைத்து 2019இல் காட்டினார்கள். இந்த வகை வேதியியலில் எனக்கு இதைவிட அழகான ஒன்று தெரியாது. அனுமதி 2020 ஆகஸ்டில்.

குறி தப்பாமையில் நூசினெர்சென்தான் மேல். 18 எழுத்தும் பொருந்தும் இடம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ரிஸ்டிப்ளாம் சின்ன மூலக்கூறு, ஃபாக்ஸ்.எம்.1 போன்ற சில மரபணுக்களின் ஸ்பிளைசிங்கையும் தொட்டுவிடுகிறது. ஆண்களின் விந்து உற்பத்தியைப் பாதிக்கலாம், கர்ப்பத்தில் கருவுக்குத் தீங்காகலாம் என்ற எச்சரிக்கைகள் அதற்கு உண்டு.

ஆனால் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். நூசினெர்சென் ரத்தத்திலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகாது. குழந்தையைச் சுருட்டிப் படுக்கவைத்து, இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசி இறக்கி, 5 மி.லி. மருந்தைத் தண்டுவட நீரில் செலுத்த வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை, பிறகு நான்கு மாதத்துக்கு ஒருமுறை. இந்நோயில் முதுகு வளைவது சாதாரணம். கம்பி வைத்து நிமிர்த்திய முதுகில் ஊசிக்கு வழி தேடுவதே பெரும்பாடு. ரிஸ்டிப்ளாமோ தினமும் ஒருவேளை வாயில் விடும் திரவம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, சிரிஞ்சில் உறிஞ்சிய ஐந்து நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு தாயால் அடுப்படியில் நின்றே இதைச் செய்ய முடியும்.

பலன்? நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய சோதனை இல்லை. கடுமையான முதல் வகைக் குழந்தைகளில், நூசினெர்சென் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் இயக்க வளர்ச்சியில் முன்னேறினார்கள். பெறாதவர்களில் ஒருவரும் இல்லை. ரிஸ்டிப்ளாம் பெற்ற 41 பேரில் 12 பேர் ஓராண்டில் பிடிமானமின்றி உட்கார்ந்தார்கள். அளவுகோல் வெவ்வேறு. இதை வைத்து ஒன்று வென்றது என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இந்தியக் குடும்பத்துக்கு என் தேர்வு ரிஸ்டிப்ளாம், விலைதான் காரணம். ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய் விற்றது. 2025 அக்டோபரில், காப்புரிமை வழக்கில், இந்திய நிறுவனமான நாட்கோ தயாரித்த இதே மருந்தின் மலிவு வடிவத்துக்கு (ஜெனரிக்) தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு மறுத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. நாட்கோ அறிவித்த விலை 15,900 ரூபாய். 20 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 5 மி.கி.; பாட்டிலில் 60 மி.கி. வருடத்துக்கு ஏறக்குறைய 30 பாட்டில், 5 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. இன்னமும் பெரிய தொகைதான், ஆனால் ஒரு குடும்பம் கனவில்கூட நினைக்க முடியாத கோடிக்கணக்கு இல்லை. நூசினெர்சென் இங்கே நிறுவனத்தின் மனிதநேயத் திட்டம் வழியாகச் சிலருக்குக் கிடைத்தது. 16 கோடி என்று ஊரே திரட்டிய ஒற்றை ஊசி ஸ்பிளைசிங்கைத் தொடாமல் எஸ்.எம்.என்.1ஐயே புதிதாகத் தருவது. அது தனிக் கதை.

எந்த மருந்து என்பதைவிட எப்போது என்பதே கூடுதல் கனம். அறிகுறி தெரியுமுன்பே நூசினெர்சென் தொடங்கிய 25 குழந்தைகளில் 22 பேர் தாமாக நடந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். மடிந்த நரம்பை எந்த மருந்தும் எழுப்பாது. இரண்டு மருந்துக்கும் மூலப்பொருள் எஸ்.எம்.என்.2தான், பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் அதன் நகல் இரண்டா, மூன்றா, நான்கா என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.