‘றேஸ் பேட்’ என்று சொல்லி விற்கப்படும் பிரேக் பேட்: பெட்டியை நம்பாமல் பின்தகட்டைப் பாருங்கள்

கொழும்பில் இழுவை கூடிய சிறிய கார்களை வைத்திருப்பவர்களும், வார இறுதியில் மலைநாட்டுப் பாதைகளில் சற்று வேகமாக ஓட்ட விரும்புகிறவர்களும் இந்தப் பதிவை முழுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் உள்ள ஒரு கடை, பெயர்பெற்ற வெளிநாட்டுத் தயாரிப்பு ஒன்றின் பெட்டிக்குள் ஊர்பேர் தெரியாத பிரேக் பேட்டை (சில்லோடு சுழலும் டிஸ்கை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் உராய்வுக் கட்டை; அதைத் தாங்கும் இரும்புத் தகடுதான் பின்தகடு) வைத்து, அதை ‘றேஸ் பேட்’ என்று எனக்கு விற்றதோடு, தன் ஆட்களைக் கொண்டே பூட்டியும் விட்டது. அந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக நேர்மையாக வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் ஸ்விஃப்ட் ஸ்போர்ட் காரோடு வந்த கம்பனி பேட்டில் நகருக்குள் ஒரு குறையும் இல்லை. ஆனால் நுவரெலியாவிலிருந்து றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது, அதாவது 1,800 மீற்றருக்கு மேலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்துக்கு வரும்போது, கியரைக் குறைத்து ஓட்டினாலும் வளைவுகளில் பெடல் கடினமாகவே இருக்க, பிடிப்பு மட்டும் குறைந்துகொண்டு போனது. பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழக்கிறது என்பதன் அடையாளம் அது. ஆகவே, காலையில் குளிர்ந்திருக்கும்போதும் மழையிலும் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும், மலை இறக்கத்தின் சூட்டையும் தாங்க வேண்டும், ஓடுகளத்துக்கு எனக்குத் தேவையில்லை என்று கடையில் தெளிவாகக் கேட்டேன். அதற்குக் கடைக்காரர், “சேர், இது ஆயிரம் பாகை வரைக்கும் தாங்கும், மகாகஸ்தோட்டையில் ஓடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்” என்றார்.

இந்தப் பேச்சைக் கேட்டால் அந்த இடத்திலேயே எச்சரிக்கையாகுங்கள். மகாகஸ்தோட்டைப் போட்டி மலை ஏறும் போட்டி. அங்கே வண்டி மேல்நோக்கி ஓடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் படும் பாட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. உண்மையான ஓடுகளப் பேட் என்றாலோ, அது பல நூறு பாகைச் சூட்டில் வேலை செய்யவென்று கலக்கப்பட்ட பொருள். சூடேறும் வரை சரியாகப் பிடிக்காது, குளிர்ந்த நிலையில் டிஸ்கையும் சுரண்டித் தின்னும். கொழும்பின் காலி வீதியில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் ஒரு காரின் டிஸ்க் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை. வீதியில் ஓட்டுகிறவர் பார்க்க வேண்டியது உச்சச் சூட்டை அல்ல. பேட் எந்தச் சூட்டிலிருந்து பிடிக்கத் தொடங்குகிறது என்பதைத்தான்.

பெட்டியைப் பிரித்து என் கையில் தரும்படி கேட்டபோது, பூட்டும் இடத்தில் பார்க்கலாம் என்றார்கள். பூட்டும் இடத்திலோ, காப்புறுதி விதிப்படி வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது என்றார்கள். பற்றுச்சீட்டில் ‘பிரேக் பேட் 1 செட்’ என்று மட்டும் இருந்தது. தயாரிப்பின் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. கேட்டு எழுத வைக்க முயன்றபோது, கணினியில் அப்படித்தான் வரும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை, மழை விட்ட கையோடு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டு, பம்பலப்பிட்டிச் சந்தியில் முதல் தடவை பிரேக் மிதித்தபோது, பெடல் கல்லுப்போல நின்றது, வண்டி நிற்கவில்லை. முன்னால் நின்ற முச்சக்கர வண்டியில் பாடசாலைப் பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டு காலையும் ஊன்றி மிதித்ததில் ஒரு முழம் இடைவெளியில் நின்றது. அந்த முழத்தை நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

தெகிவளையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சில்லைக் கழற்றிப் பேட்டை வெளியே எடுத்தார். உராய்வுப் பொருளின் ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்தியதும், ஈரமான பிஸ்கட்போல அது பொடிந்து விழுந்தது. பின்தகட்டில் ஒரு எழுத்துக்கூட இல்லை. ஒட்டியிருந்த தாள் விரலில் மையாக வந்தது. சத்தத்தைக் குறைக்கும் மெல்லிய தகடுகளைத் திரும்பப் பூட்டவே இல்லை. பேட்டை டிஸ்கோடு அழுத்தும் கலிப்பரின் ஊசிகளில் கிறீஸ் காய்ந்து கிடந்தது. டிஸ்கிலும் விரல் தடக்கும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. “தம்பி, இதைப் போட்டுக்கொண்டா மலை இறங்கப் பார்த்தீர்?” என்று மட்டும் கேட்டார்.

எழுத்து இல்லை என்பது ஏன் முக்கியம் என்றால், தரமான பேட்டின் ஓரத்திலோ பின்தகட்டிலோ பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வுக் குணகத்தையும் (பிடிப்பின் அளவையும்), இரண்டாவது எழுத்து கூடிய சூட்டில் உள்ளதையும் காட்டுகின்றன: ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. ‘எஃப் ஈ’ என்று இருந்தால், சூடாகும்போது பிடிப்புக் குறையும் என்று பேட்டே சொல்கிறது. எழுத்துகளின் எல்லைகள் அகலமானவை என்பதாலும், தேய்மானத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை என்பதாலும், இவை மட்டும் போதாது. ஐரோப்பிய ஆர்90 விதிக்கு அமைந்த பேட்டில், வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்தும் நாட்டு இலக்கமும் அதனருகே ஒப்புதல் இலக்கமும் இருக்கும்; மாற்றுப் பேட்டின் பிடிப்பு, கம்பனி பேட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்பது அந்த விதி. இந்த அடையாளங்களையும் போலியாக அச்சிட முடியும் என்றாலும், அவை இல்லாத பேட்டை வாங்க எந்தக் காரணமும் இல்லை.

கழற்றிய பேட்டோடு கடைக்குப் போனேன். “றேஸ் பேட் சூடாகாமல் பிடிக்காது, நீங்கள் ஓட்டுகிற வேகம் போதாது” என்பதே பதில். அது உண்மை என்றால், வீதிக்கு என்று கேட்டவருக்கு அதை விற்றது தவறு. பொய் என்றால், விற்றது போலி. இரண்டில் எது என்று கேட்டேன். வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

இப்போது, வேறொரு கடையில் என் கண்முன்னே பிரித்து, இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித் தந்த, வீதிப் பாவனைக்கென்றே தயாரித்த ‘எஃப் எஃப்’ பேட்டைப் போட்டிருக்கிறேன். டிஸ்கைக் கடைந்து சமப்படுத்தி, புதிய பேட்டை அதிகாலையில் வெறிச்சோடிய வீதியில், முழுமையாக நிறுத்தாமல் வேகத்தைப் பலமுறை குறைத்தும், இடையே ஆறவிட்டும் பழக்கினோம். முதல் கடையில் இதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிரேக் எண்ணெய் மாற்றத் தேவையில்லை என்று அவர்கள் சொன்னதும் தவறு. டொட் 4 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 பாகை வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். அப்போது எந்தப் பேட்டாலும் பயனில்லை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொருளை வாங்கிய 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு, கழற்றிய பேட், பெட்டி ஆகிய எதையும் எறிந்துவிடாதீர்கள். அண்மையில் பெட்டியைப் பார்க்க விடாமல் யாராவது உங்களுக்குப் பேட் மாற்றித் தந்திருந்தால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் வேறொரு கராஜில் சில்லைக் கழற்றி, பின்தகட்டில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் படமெடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.