கேஷெல் நிரலோடு ஆறு ஆண்டுகள்: அணுக்கருக் கணக்கீட்டில் ஒரு பயனரின் அனுபவம்

அணுக்கருவின் கூடு மாதிரிக் கணக்குகளுக்காக, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது நொரிதாக்கா ஷிமிசு எழுதி 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு அறிமுகப்படுத்திய கேஷெல் என்னும் நிரலை நான் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில், வேறு வழி தெரியாமல்தான் இதைக் கையில் எடுத்தேன். அணுக்கருக் கோட்பாட்டை ஆழமாகப் படிக்க வருபவர்களுக்கு இந்த நிரல் எந்த அளவுக்குத் துணை நிற்கும், எந்த இடத்தில் நாமே விழித்திருக்க வேண்டும் என்பதை என் பயன்பாட்டிலிருந்து எழுதுகிறேன். இதன் வசதிகளைப் பட்டியலிடுவது என் நோக்கம் அன்று. அதற்கு நிரலோடு வரும் கையேடு போதும்.

அணுக்கருவின் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் அமர்கின்றன என்று 1949இல் மரியா கோப்பர்ட் மேயரும் யென்சனும் தனித்தனியே முன்வைத்த கூடு மாதிரி, 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் மாய எண்களை, அதாவது அணுக்கரு குறிப்பாக உறுதியாக இருக்கும் புரோட்டான் அல்லது நியூட்ரான் எண்ணிக்கைகளை, விளக்கியது. ஆனால் மாய எண்களிலிருந்து விலகி நிற்கும் அணுக்கருக்களில், வெளிக்கூட்டில் இருக்கும் புரோட்டான்களும் நியூட்ரான்களும் ஒன்றோடொன்று கொள்ளும் இடைவினையையும் கணக்கில் சேர்த்தால்தான் உண்மையான ஆற்றல் நிலைகள் கிடைக்கும். அதற்கு, சாத்தியமான எல்லா அமர்வுகளையும் அடிப்படையாகக் கொண்டு ஒரு மாபெரும் அணியை அமைத்து, ஆற்றல் நிலைகளைத் தரும் அதன் ஐகன் மதிப்புகளுள் மிகத் தாழ்ந்த சிலவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கேஷெல் செய்வது இதைத்தான். ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட உள்கருவை, கேள்வி கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளும் ஒரு பைதான் நிரல் இயக்குகிறது. எந்த இடைவினைக் கோப்பு (துகள்களுக்கு இடையிலான இடைவினையை எண்களாகத் தருவது), எத்தனை புரோட்டான், எத்தனை நியூட்ரான், எத்தனை நிலைகள் என்று அது கேட்கும். பதில் கொடுத்தால் இயக்கக் கோப்பு தயாராகிவிடும்.

நிறுவுவதில் சொல்லத்தக்க சிரமம் எதுவும் இல்லை. லினக்ஸ் கணினியில் ஃபோர்ட்ரான் தொகுப்பியும் நேரியல் இயற்கணித நூலகமும் இருந்தால் சில நிமிட வேலை.

முதல் வாரத்தில் நான் கணக்கிட்டது மக்னீசியம்-24. ஆக்சிஜன்-16ஐ அசையாத உள்ளகமாகக் கொண்டால், மீதமுள்ள 4 புரோட்டான்களும் 4 நியூட்ரான்களும் டி 5/2, எஸ் 1/2, டி 3/2 ஆகிய மூன்று ஆர்பிட்டால்களில் அமர வேண்டும் (இவை சேர்ந்ததே எஸ்-டி கூடு). ஒவ்வொரு வகைக்கும் 12 இருக்கைகள். பன்னிரண்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 495 வழிகள். இரு வகைக்கும் சேர்த்து 2,45,025. மொத்தக் கோண உந்தத்தின் அச்சுக்கூறு சுழியாக இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அணியின் அளவு 28,503 ஆகச் சுருங்குகிறது. பிரவுனும் ரிக்டரும் 2006இல் வெளியிட்ட யுஎஸ்டிபி இடைவினையைக் கொடுத்து இயக்கினேன். சாதாரண மடிக்கணினியில் சில நொடிகளில் விடை வந்தது. அடிநிலை −87.104 எம்இவி (ஒரு எம்இவி என்பது பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்); முதல் 2⁺ நிலை (எண் கோண உந்தத்தையும் ⁺ குறி சமச்சீரையும் காட்டும்) அதற்கு மேல் 1.502 எம்இவி. சோதனையில் அளந்த மதிப்பு 1.369. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகள் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒன்று என் திரையில் எண்ணாக வந்து நின்றது.

மகிழ்ச்சி அடுத்த இரண்டு வரிகளோடு நின்றது. சோதனையில் 4⁺ நிலை 4.123இலும் இரண்டாம் 2⁺ நிலை 4.238இலும் இருக்கின்றன. கணக்கிலோ 2⁺ 4.116இலும் 4⁺ 4.372இலும் வந்தன. வரிசையே தலைகீழ். நிரலில் பிழை இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் தேடினேன். பிழை என் எதிர்பார்ப்பில் இருந்தது. யுஎஸ்டிபி என்பது 77 அணுக்கருக்களின் 608 ஆற்றல் மதிப்புகளுக்குப் பொருந்துமாறு சரிசெய்யப்பட்ட இடைவினை. அந்தப் பொருத்தத்தின் சராசரி விலகலே சுமார் 0.13 எம்இவி. சோதனையில் அந்த இரு நிலைகளுக்கும் இடையில் உள்ள தூரம் 0.115 எம்இவிதான். தன் விலகலைவிடச் சிறிய இடைவெளியில் எது மேலே, எது கீழே என்று சொல்லும் பொறுப்பை அந்த இடைவினையின் மேல் சுமத்த முடியாது. நிரல் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்களை அச்சிட்டாலும், அவை அணியைத் தீர்த்ததன் துல்லியத்தைக் காட்டுவனவே அன்றி, இயற்கையைச் சொன்னதன் துல்லியத்தை அல்ல. இந்த வேறுபாட்டை எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் கையால் போடக்கூடிய கணக்குகளின் பக்கம் திரும்பினேன். ஆக்சிஜன்-18இல் வெளியே இரண்டு நியூட்ரான்கள் மட்டுமே. அணியின் அளவு 14. அதை விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம்: அச்சுக்கூறு 1/2 உடைய இருக்கைகளால் 9, 3/2 உடையவற்றால் 4, 5/2ஆல் 1. இன்னும் சுருக்கி, 0⁺ நிலைகளை மட்டும் எடுத்தால் 3×3 அணிதான். தாளில் எழுதித் தீர்த்துவிடலாம். நான் தாளில் பெற்ற விடையும் நிரலின் விடையும் ஒத்துப்போகும் வரை ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் நான் தெரிந்துகொண்டது, இடைவினைக் கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்பதை.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. இரண்டாம் ஆண்டில் வேறொரு வடிவத்தில் இருந்த கோப்பை நானே கேஷெலின் வடிவத்துக்கு மாற்றினேன். யுஎஸ்டிபி போன்ற இடைவினைகளில் இரு துகள் மதிப்புகள் நிறை எண் 18க்குத் தரப்பட்டிருக்கும். மற்ற அணுக்கருக்களுக்கு அவற்றை 18ஐ நிறை எண்ணால் வகுத்து 0.3 அடுக்குக்கு உயர்த்திய எண்ணால் பெருக்க வேண்டும். மக்னீசியம்-24க்கு அது 0.917. கோப்பின் தலைப்பில் இதற்கென ஒரு குறிப்பு இருக்க வேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. ஆற்றல் நிலைகளும் பார்வைக்கு நியாயமாகவே இருந்தன. அடிநிலை மட்டும் இருக்க வேண்டியதைவிட மிக ஆழத்தில் கிடந்தது. கிளர்வு ஆற்றல்களை மட்டும் பார்த்துவிட்டு நகரும் பழக்கம் உள்ளவர்கள் இப்படிப்பட்ட தவறோடு மாதக்கணக்கில் வாழ்ந்துவிடலாம். நான் மூன்று வாரம் வாழ்ந்தேன்.

இதைவிட நுட்பமான சிக்கல் மின்காந்தப் பண்புகளில் உண்டு. உள்ளகத்தை அசையாதது என்று வைத்துக்கொள்வதால், அதன் சிறு அசைவுகளின் விளைவை வெளி நியூக்ளியான்களின் (புரோட்டான், நியூட்ரான் இரண்டுக்கும் பொதுப்பெயர்) மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகவே புரோட்டானுக்கு 1.5, நியூட்ரானுக்கு 0.5 என்பன போன்ற பயனுறு மின்னூட்டங்கள். நியூட்ரானுக்கு ஏது மின்னூட்டம் என்று கேட்கும் மாணவருக்கு நான் ஆக்சிஜன்-17ஐக் காட்டுவேன். அதில் வெளியே இருப்பது ஒரே ஒரு நியூட்ரான். அதன் மின்னூட்டம் சுழி என்றால் மின்னூட்டப் பரவல் கோள வடிவிலிருந்து விலகுவதைக் காட்டும் நான்முனைத் திருப்புத்திறனும் சுழியாக வர வேண்டும். அளந்த மதிப்போ சுமார் −0.026 பார்ன் (அணுக்கரு அளவுக்கான பரப்பு அலகு).

அதே ஆக்சிஜன்-17தான் என்னுடைய இன்னொரு தவறையும் காட்டிக்கொடுத்தது. நான் வழிவழியாகப் படியெடுத்துப் பயன்படுத்தி வந்த உள்ளீட்டுக் கோப்பில் தற்சுழற்சி எவ்வளவு காந்தத்தன்மையைத் தருகிறது என்று சொல்லும் ஜி காரணிகள் புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் முறையே 3.91, −2.678 என்று இருந்தன. அவை தனித்த நியூக்ளியானுக்குரிய 5.586, −3.826 என்னும் மதிப்புகளை 0.7ஆல் பெருக்கிக் குறைத்தவை. கனமான அணுக்கருக்களில் அப்படிக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் அதை அறியாமல் ஆக்சிஜன்-17இன் காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிட்டபோது −1.339 அணுக்கரு மேக்னட்டான் வந்தது. சோதனை மதிப்பு −1.894. குறைக்காத காரணிகளோடு கணக்கிட்டால் −1.913 கிடைக்கிறது, சோதனையிலிருந்து ஒரு விழுக்காடுதான் வேறுபாடு. நிரல் தந்த எண்ணை நம்பாமல், எளிய ஒரு கணக்கை முதலில் ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அன்று தொடங்கியது.

சிறிய அணுக்கருக்களில் இருக்கும்வரை மடிக்கணினி போதும். எஸ்-டி கூட்டுக்கு மேலுள்ள பி-எஃப் கூட்டுக்குள் நுழைந்தவுடன் கதை மாறுகிறது. குரோமியம்-48க்கு அணியின் அளவு 19,63,461. நிக்கல்-56க்கு 108,74,55,228, அதாவது நூற்றெட்டுக் கோடிக்கும் மேல். இவ்வளவு பெரிய அணியைச் சாதாரணக் கணினிகளில் சேமித்து வைக்க முடியாது. கேஷெல் அணியின் உறுப்புகளைச் சேமிக்காமல், தேவைப்படும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. நினைவகம் மிச்சமாகிறது, நேரம் செலவாகிறது. என் அனுபவத்தில் இந்தப் பண்டமாற்று செயலியில் பல உட்கருக்கள் கொண்ட இன்றைய கணினிகளுக்கு நன்றாகவே ஒத்துவருகிறது.

ஆனாலும் தாழ்ந்த ஐகன் மதிப்புகளைச் சுற்றுச்சுற்றாக நெருங்கிக் கண்டுபிடிக்கும் லான்சோஸ் முறையில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெக்டரைச் சேமித்தே ஆக வேண்டும். நிக்கல்-56க்கு, ஓர் எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தால் ஒரு வெக்டருக்கு ஏறக்குறைய 4.35 ஜிகாபைட், 200 சுற்றுகள் போனால் 870 ஜிகாபைட். பழைய வெக்டர்களைத் தூக்கிப் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். பழையவற்றோடு செங்குத்தாக இருக்கும்படி ஒவ்வொரு புதிய வெக்டரையும் திருத்தாவிட்டால், வட்டமாக்கல் பிழைகள் பெருகி, ஒரே நிலை இரண்டு மூன்று முறை போலியாகத் தலைகாட்டும். ஷிமிசுவும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்ட முறை, சேர்ந்துவிட்ட வெக்டர்களைச் சிலவாகச் சுருக்கிக்கொண்டு மீண்டும் தொடங்குகிறது. பல வெக்டர்களை ஒரே கட்டாகவும் கையாள்கிறது. எங்கள் ஆய்வகக் கணினி போன்ற நடுத்தர வசதி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. வெக்டர்களை வட்டில் எழுதிவைக்கும் வசதியும் உண்டு. மே மாத மின்வெட்டில் இரண்டு முறை கணினி அணைந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது அதனால்தான்.

முழு அணியைத் தீர்க்க வசதி இல்லாதபோது, பி-எஃப் கூட்டின் அடி ஆர்பிட்டாலான எஃப் 7/2இலிருந்து மேலே ஏற அனுமதிக்கும் துகள்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது வழக்கம். இங்கே ஒரு மயக்கம் உண்டு. நான்கு துகள்கள் என்ற வரம்பில் வந்த ஓர் ஆற்றல் சோதனையோடு அழகாகப் பொருந்தியது. வரம்பை ஆறாக உயர்த்தியபோது பொருத்தம் கெட்டது. நான்கில் நிறுத்தி வெளியிட வேண்டும் என்ற ஆசையை அடக்குவது எளிதாக இருக்கவில்லை. வரம்பை 2, 4, 6 என்று கூட்டிக்கொண்டே போய், மதிப்பு எங்கே நிலைகொள்கிறது என்று வரைபடமாகப் போட்டுப் பார்க்காத எந்த எண்ணையும் இப்போது நான் மேசைக்கு வெளியே விடுவதில்லை.

எந்தக் கூட்டில் கணக்கிடுகிறோம் என்ற தேர்வுக்கு மக்னீசியம்-32 நல்ல உரைகல். அதிலும் சிலிக்கான்-34இலும் நியூட்ரான்கள் 20. சிலிக்கான்-34இன் முதல் 2⁺ நிலை 3.33 எம்இவியில், மாய எண்ணுக்கு உரிய உயரத்தில் நிற்கிறது. மக்னீசியம்-32இல் அது 0.885 எம்இவிக்கு இறங்கிவிடுகிறது. எஸ்-டி கூட்டுக்குள் மட்டும் கணக்கிட்டால் நியூட்ரான்களின் 12 இருக்கைகளும் நிறைந்துவிடும். அவை அசைய இடமே இல்லை. இந்த வீழ்ச்சியைப் பெற, மேலே உள்ள எஃப் 7/2, பி 3/2 ஆர்பிட்டால்களையும் திறந்துவிட வேண்டும். திறந்தவுடன் அணுக்கரு முழுவதும் இடம்பெயரும் போலி அசைவு உள்ளே கலக்கும். அதை ஆற்றலில் மேலே தள்ளிவிட லாசன் முறைக்கான ஒரு காரணியை உள்ளீட்டிலேயே கொடுக்கலாம். அந்தக் காரணியை மாற்றி மாற்றி இயக்கி, விடை அசைகிறதா என்று பார்ப்பது பயனரின் வேலை.

மற்ற நிரல்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் சுருக்கமாகச் சொல்வேன். பிக்ஸ்டிக்கில் அதே மக்னீசியம்-24ஐ ஓட்டினால் அதே −87.104 வருகிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கற்பது நல்லது. நுஷெல்எக்ஸ், ஆன்டுவான் ஆகியவற்றின் கோப்புகளிலிருந்து மாற்றும்போது, ஆர அலைச்சார்பு எங்கே நேர்க்குறி கொள்கிறது, கோண உந்தங்கள் எந்த வரிசையில் கூட்டப்படுகின்றன என்ற மரபுகள் வேறுபடலாம். மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்புகளின் குறி மாறிவிடும். இதற்கும் மருந்து ஆக்சிஜன்-18தான்.

கடந்த இரண்டு ஆண்டுகளாக, பொருத்திச் சரிசெய்த இடைவினைகளை விட்டு, நியூக்ளியான்களுக்கு இடையிலான விசையை அடிப்படையிலிருந்து பெற முயலும் கைரல் கோட்பாட்டிலிருந்து பெற்ற விசைகளை மறுஇயல்பாக்கக் குழு முறையால் வெளிக்கூட்டுக்குச் சுருக்கித் தரும் கோப்புகளைக் கேஷெலில் ஏற்றி வருகிறேன். ஒவ்வொரு அணுக்கருவுக்கும் தனிக் கோப்பு. விடைகள் பெரும்பாலும் யுஎஸ்டிபியைவிடச் சோதனையிலிருந்து அதிகம் விலகுகின்றன. ஆனால் அந்த விலகலுக்கு ஒரு காரணத்தைத் தேட முடிகிறது. மூன்று நியூக்ளியான் விசையா, சுருக்கலில் விட்டுப்போன உறுப்புகளா என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம்.

இப்போது ஒவ்வொரு இயக்கத்துக்கும் ஒரு குறிப்பேட்டில் இடைவினைக் கோப்பின் பெயர், நிறைக் காரணி, பயனுறு மின்னூட்டம், ஜி காரணி, வரம்பு, லாசன் காரணி, நிரலின் பதிப்பு ஆகியவற்றை எழுதிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறேன். முதல் ஆண்டில் அந்தப் பழக்கம் இல்லை. அந்த ஆண்டில் கணக்கிட்டு ஒரு கருத்தரங்கச் சுவரொட்டியில் ஒட்டிய இரண்டு மதிப்புகளை, இன்றுவரை என்னால் மீண்டும் பெற முடியவில்லை.