கும்பகோணத்துல செக்டார் ஈடிஎஃப் டேபிள்னு சொல்லி 18,000 ரூபாய சுருட்டிட்டாங்க, உஷார்

இப்பதான் ஃபோன வச்சேன், அந்த கொதிப்புலயே டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க. ஒரு ஷேர் மார்க்கெட் பயிற்சி சென்டர், பேர் போடல. சம்பா நெல்ல கொள்முதல் நிலையத்துல போட்டு வந்த காசுலேர்ந்து 18,000 ரூபா ஒரு வருஷ சந்தா கட்டினேன். எந்த செக்டார் (ஐடி, பேங்க் மாதிரி தொழில் துறை) ஓடுது, எது படுத்துக் கெடக்குன்னு ஈடிஎஃப்ப (பல கம்பெனி ஷேர ஒண்ணா சேத்து, ஷேர் மாதிரியே மார்க்கெட்ல வாங்கி விக்கிற ஃபண்டு) வச்சு ஒப்பிட்டு வாராவாரம் டேபிள் அனுப்புவாங்களாம்.

இலவச கிளாஸ்னு கல்யாண மண்டபத்துல கூப்புட்டு காபி குடுத்து சென்டர் நடத்துறவரு ஸ்க்ரீன்ல காட்டுனாரு, 2021ல நிஃப்டி ஐடி (ஐடி கம்பெனி ஷேரெல்லாம் சேந்து எப்புடி ஓடுதுன்னு காட்டுற இண்டெக்ஸ்) 60 சதவீதம் கிட்ட ஏறுச்சு, 2022ல அதே ஐடி 26 சதவீதம் விழுந்துச்சு, அந்த வருஷமே பிஎஸ்யு பேங்க், அதாவது அரசு வங்கி இண்டெக்ஸ், 70 சதவீதம் பக்கம் ஏறுச்சுன்னு. எல்லாம் நெசமான நம்பர், அதான் வினையே. "குருவைக்கு ஒரு வெதை, சம்பாவுக்கு ஒரு வெதைன்னு மாத்துறீங்கள்லண்ணே, பணத்தையும் அப்புடித்தான் மாத்தணும், எப்பன்னு எங்க டேபிள் சொல்லும்"னாரு. பக்கத்துல இருந்த ரிடையர்டு வாத்தியார் எனக்கு முன்னாடியே ஜிபே அடிச்சிட்டாரு. முடிஞ்சுபோன வருஷத்த எவன் வேணா காட்டலாமேன்னு அங்க ஒருத்தரும் கேக்கல.

வந்த டேபிள பாக்கணுமே. ஐடி செக்டாருக்கு 2020 மார்ச்ல கொரோனாவுல மார்க்கெட் அடிமட்டத்துக்கு போன நாள்லேர்ந்து கணக்கு, பேங்க் செக்டாருக்கு அதே வருஷம் ஜனவரிலேர்ந்து. ஆரம்ப தேதியே வேற வேறன்னா என்னத்த ஒப்பிடுறது? நிஃப்டி பீஸுக்கு (நிஃப்டி 50 இண்டெக்ஸ அப்புடியே பின்பத்துற ஈடிஎஃப்) 2019லேர்ந்து முக்கால்வாசி நஷ்டம்னு செவப்புல போட்டிருக்கான்! 2019 டிசம்பர்ல அந்த யூனிட்ட பத்தா பிரிச்சாங்கய்யா, 1,200 சொச்சம் வெல 120 சொச்சமாச்சு, கையில இருந்த யூனிட் பத்து மடங்காச்சு, யாருக்கும் ஒத்த ரூபா போவல. இது கூட தெரியாதவனுக்கு 18,000.

ஃபோன் போட்டு கேட்டா சென்டர்ல பேசுற பொண்ணு "சார் மீட்டிங்ல இருக்காரு", அப்பறம் "சாஃப்ட்வேர் அப்டேட் ஆவுது", அப்பறம் "எஜுகேஷனல் பர்ப்பஸ்தான் அண்ணே, ரீஃபண்ட் கெடையாது". நேர்ல போனேன், கீழ பாத்திரக்கடை, மாடில ஆபீஸ், பூட்டு. கடைக்காரர் "நீங்களுமா?"ன்னாரு. சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்புலேர்ந்து என்ன தூக்கிட்டான். 18,000 ரூபா, பில்லு கூட இல்ல, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும்.

என்னென்ன பாக்கணும்னு வெவரமா எழுதத்தான் ஒக்காந்தேன், இப்ப முடியல, சுருக்கமா சொல்றேன். காசு கட்றதுக்கு முன்னாடி செபி (ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கிற அமைப்பு) பதிவு நம்பர் கேளுங்க, ரிசர்ச் அனலிஸ்ட்டுன்னா (எத வாங்கலாம், விக்கலாம்னு ஆராய்ஞ்சு சொல்றவரு) ஐஎன்ஹெச் (INH)னு ஆரம்பிக்கும், செபி சைட்லயே தேடிப் பாத்துடுங்க. செக்டார் இண்டெக்ஸ் கணக்கெல்லாம் என்எஸ்இ (தேசிய பங்குச் சந்தை) சைட்ல சும்மாவே கெடைக்குது, டிவிடெண்டயும் சேத்து கணக்கு போட்ட டிஆர்ஐ (TRI) இண்டெக்ஸ பாருங்க, எல்லாத்துக்கும் ஒரே தேதி வைங்க. வால்யூம் இல்லாத, அதாவது வாங்கல் விக்கல் கம்மியா இருக்குற ஈடிஎஃப்ப மார்க்கெட் ஆர்டர்ல (கெடைக்கிற வெலைக்கே வாங்குறது) வாங்காதீங்க, ஐநாவ் (iNAV, உள்ள இருக்குற ஷேர்களோட அப்பதய மதிப்பு) எவ்ளோ, விக்கிற வெல எவ்ளோன்னு பாத்துட்டு லிமிட் ஆர்டர் (இந்த வெலைக்கு மேல வேணாம்னு சொல்றது) போடுங்க.

1930க்கு (சைபர் கிரைம் உதவி எண்) அடிச்சு சொல்லிட்டேன், திங்கக்கெழம ஸ்டேஷனுக்கு போறேன். அந்த மண்டபத்து கிளாஸுக்கு வந்து பணம் கட்டுனவங்க இருந்தா மெசேஜ் போடுங்க, சேந்து போவோம்.