பிரவுசரில் பெரிய ஓட்டை வந்தால்: குரோம், ஃபயர்ஃபாக்ஸ் நீண்டகால அனுபவம்

குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டையும் பல வருடமாகச் சேர்த்தே ஓட்டுகிறேன். வேகம், மெமரி பற்றியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியாகும் வாரத்தில் இவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) தருவதில் இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். 2024 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸின் அனிமேஷன் பகுதியில் ஓர் ஓட்டை (அதன் பதிவு எண் சிவிஈ-2024-9680) பிடிபட்டது. அதற்குள் அதை வைத்துத் தாக்குதலே நடந்துகொண்டிருந்தது. ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் தகவல் கொடுத்து ஏறக்குறைய ஒரே நாளில், ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா திருத்திய 131.0.2 பதிப்பை இறக்கிவிட்டது. குரோமோ 2023 ஆகஸ்டில் வந்த 116ஆம் பதிப்பிலிருந்து வாராவாரம் பாதுகாப்பு அப்டேட் தருகிறது.

ஆனால் அப்டேட் இறங்கினால் வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது. மூடித் திறக்கும்வரை ஓடுவது பழைய பதிப்புதான். குரோம் மூலையில் அடையாளம் காட்டும்: முதலில் பச்சை, பிறகு ஆரஞ்சு, ஒரு வாரம் போனால் சிவப்பு. ஏற்கெனவே தாக்குதலில் இருக்கும் ஓட்டைக்குச் சிவப்புவரை காத்திருப்பது ரொம்ப அதிகம். செய்தி கண்ணில் பட்டதுமே 'குரோம் பற்றி' பக்கத்தைத் திறந்துவிடுவேன். திறந்த உடனே அது அப்டேட்டைத் தேடும். ரீலாஞ்ச் கொடுத்தால் டேப்கள் திரும்பி வரும், இன்காக்னிட்டோ (வரலாறு சேமிக்காத) டேப்கள் வராது. லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜர் (செயலிகளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவி) பின்னால் அப்டேட் போட்டுவிட்டால், 2025இல் 141ஆம் பதிப்பு வரும்வரை ஃபயர்ஃபாக்ஸ் 'ரீஸ்டார்ட் செய்' என்று புது டேப்பையே திறக்க விடாமல் இருந்தது. எரிச்சல்தான், ஆனாலும் அந்த அடம் எனக்குப் பிடித்திருந்தது.

உண்மையிலேயே வேலை வைத்தது 2023 செப்டம்பரில் வெப்பி என்ற பட வடிவத்தில் வந்த ஓட்டை (சிவிஈ-2023-4863). தில்லுமுல்லு செய்த ஒரு படம் நாம் திறக்கும் வெப் பக்கத்தில் இருந்தாலே போதும். எதையும் கிளிக் செய்யவே வேண்டாம். முதலில் குரோம் ஓட்டை என்றுதான் அறிவித்தார்கள். ஆனால் கோளாறு இருந்தது லிப்வெப்பி என்ற, பல மென்பொருள்கள் சேர்ந்து பயன்படுத்தும் நிரல் நூலகத்தில். குரோம் செப்டம்பர் 11, ஃபயர்ஃபாக்ஸ் 12 என்று அடுத்தடுத்த நாளில் சரியாகிவிட்டன. ஆனால் அதே நூலகம் எலக்ட்ரானில் (வெப் நிரலை வைத்துச் செயலி செய்யும் கருவி) செய்த டெஸ்க்டாப் செயலிகளுக்குள்ளும் உட்கார்ந்திருந்தது. சாட், நோட்ஸ், கோடு எடிட்டர் என்று ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு பிரவுசரைச் சுமக்கிறது. எலக்ட்ரான் பேட்ச் கொடுத்தாலும், செயலியைச் செய்தவர் அதைச் சேர்த்துப் புதுப் பதிப்பு விட்டால்தான் நமக்கு வந்து சேரும். இதில் உள்ளே இருக்கும் பிரவுசரான குரோமியத்தின் எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் பழைய குரோமியம் இருக்கும் வரிசைகளுக்கும் எலக்ட்ரான் திருத்தம் போட்டது. எலக்ட்ரான் எண்ணைத்தான் பார்க்க வேண்டும், பல செயலிகள் அதை எங்கேயும் காட்டுவதே இல்லை!

நான் பயன்படுத்திய ஒரு சாட் செயலிக்குப் புதுப் பதிப்பு வருகிற வழியாகத் தெரியவில்லை. அதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு பிரவுசர் டேப்பிலேயே திறக்க ஆரம்பித்தேன். நோட்டிஃபிகேஷன் சில சமயம் தாமதமாகிறது, ஸ்கிரீன் ஷேரும் கொஞ்சம் மக்கர் செய்கிறது. இருந்தாலும் இன்றுவரை டேப்தான்.