ஃபோம் ஃப்ளை கிட்: 4,850 ரூபாய் போச்சு, நீங்களும் மாட்டாதீங்க

பெட்டியைப் பிரிச்சு மூணு நாள்தான் ஆகுது. ட்ரௌட் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளுல ஃபோம் வண்டு, வெட்டுக்கிளி எல்லாம் (இந்தப் பொய்ப் பூச்சி இரைக்குத்தான் ஃப்ளைன்னு பேர்) கையால கட்டப் பழகுறவங்களைக் குறிவெச்சே பொருள் விற்கிற ஒரு ஆன்லைன் பக்கம். பெயர் போடலை. கிட் விலை 4,850 ரூபாய். வைஸ் (கட்டும்போது முள்ளைக் கவ்விப் பிடிக்கிற இடுக்கி) ஒண்ணு, 2 மி.மீ. ஃபோம் ஷீட் பத்து, 12-ஆம் நம்பர் முள் ஐம்பது, 140 டெனியர் (நூலோட பருமன் கணக்கு) நூல், வண்டுக்கு வைக்கிற ரப்பர் கால். எதையெதைப் பார்த்து வாங்கணும்னு சுருக்கமா கடைசியில சொல்றேன்.

நம்ப வெச்சது ஒரு வீடியோ. விக்கிறவர் கண்ணாடி டம்ளர் தண்ணியில ஃபோம் வண்டை விரலால அமுக்கி விடுறார். தக்கை மாதிரி துள்ளி மேல வருது. "இதே ஷீட்தானா?"ன்னு கேட்டா வாய்ஸ் மெசேஜ்: "அண்ணே, நானும் கட்டுறவன்தான். க்ளோஸ்டு செல் இல்லாததை அனுப்புவேனா?" க்ளோஸ்டு செல்னா தண்ணி குடிக்காத ஃபோம். அந்த வார்த்தையைச் சரியாச் சொன்னார் பாருங்க, அங்கதான் விழுந்தது 4,850.

வந்ததுல கறுப்பு ஷீட் நாலும் வெறும் பஞ்சு. தண்ணிக்குள்ள பிடிச்சு அமுக்கினா குமிழி குமிழியா வருது, எடுத்துப் பிழிஞ்சா சொட்டுது. க்ளோஸ்டு செல்லுல ஒவ்வொரு காற்றறையும் தனித்தனியா மூடியிருக்கும், தண்ணி ஏறாது. இதுல அறைகள் ஒண்ணோட ஒண்ணு திறந்து கிடக்கு; வண்டு மிதக்காது, முங்கும்.

மீதி ஆறும் டிவி பெட்டிக்குள்ள வைக்கிற பேக்கிங் ஃபோம், சாயம் போட்டது. மிதக்குது, ஆனா நூலை இறுக்கினா சோப்புல கம்பி இறங்குற மாதிரி அறுத்துக்கிட்டு உள்ள போகுது. கட்டின முறையில தப்பில்லை. முள்ளோட தண்டுல முதல்ல நூல் சுத்தி, ஒரு சொட்டு சூப்பர் க்ளூ (இல்லேன்னா வண்டோட ஃபோம் முதுகு, முள்ளோட தண்டைச் சுத்தி உருளும்), முள் வாய் (நுனிக்கும் தண்டுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) அகலத்துக்கு, அதாவது சுமார் 5 மி.மீ.க்கு ஃபோம் பட்டை, முதல் ரெண்டு சுத்து லூசு, மூணாவதுலதான் இறுக்கம். அப்படியும் அறுந்தது.

முள் அதைவிட மோசம். வைஸ்ல மாட்டி நுனியை நகத்தால நெம்பினா நல்ல முள் விட்டதும் பழைய இடத்துக்கு வரும். இது ஜெம் கிளிப் மாதிரி விரிஞ்சு அப்படியே நிக்குது. பாதி முள்ளுக்குக் காது, அதாவது தூண்டில் லைன் கோக்கிற வளையம், சரியா மூடலை. அந்த இடுக்குல லைன் நழுவும், இல்லேன்னா அறுபடும். அந்த வைஸும் முள்ளைப் பிடிக்கிறதில்லை, நூலை இழுத்தா தலை சாயுது.

கேட்டதுக்கு முதல் பதில்: "தண்ணியில போட்டா எதுவும் ஊறத்தானே செய்யும்?" மறுநாள், "பெட்டி பிரிக்கிற வீடியோ இருக்கா?" அதுவும் அனுப்பினப்புறம், "அட்மின் ஊருக்குப் போயிருக்கார்." நேத்து ராத்திரி பிளாக். 4,850 ரூபாய்க்கு ஒரு பில்கூட இல்லை. பணம் போனது யாரோ ஒருத்தரோட யூபிஐ நம்பருக்கு. சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்தாச்சு.

விவரமா எழுத இப்போ பொறுமை இல்லை. கிட்டா வாங்காதீங்க. ஸ்டேஷனரி கடையில கிடைக்கிற 2 மி.மீ. ஈ.வி.ஏ. கிராஃப்ட் ஷீட்டே போதும், மினுக்கு ஒட்டினது வேண்டாம். முள்ளுக்குக் காசைச் செலவு பண்ணுங்க. தனி ஆள் யூபிஐக்கு முன்பணம் போடாதீங்க. டம்ளர் வீடியோவைப் பார்த்தா, தண்ணிக்குள்ளயே பிழிஞ்சு காட்டச் சொல்லுங்க.