டாசாரா ரயில்: தார் எஸ் சலாமிலிருந்து கபிரி ம்போஷி வரை

குறித்த நேரத்தில் ஊர் போய்ச் சேர வேண்டியவர்கள் இந்த வண்டியில் ஏறக் கூடாது. அவர்களுக்குப் பேருந்து இருக்கிறது, விமானம் இருக்கிறது. டாசாரா என்பது டான்சானியா–ஜாம்பியா ரயிலின் சுருக்கப் பெயர்; டான்சானியாவின் தார் எஸ் சலாமில் கிளம்பி ஜாம்பியாவின் நியூ கபிரி ம்போஷியில் முடியும் 1,860 கிலோமீட்டர் பாதை இது. அட்டவணைப்படி இரண்டு இரவுப் பயணம். மூன்றாவது இரவுக்கும் ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு ஏறுபவர்தான் விவரம் தெரிந்தவர். வசதிக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண், நேரத்துக்கு ஒன்று. அப்படியும் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. விடுதலை பெற்ற இரண்டு நாடுகளின் தலைவர்கள் சேர்ந்து எடுத்த ஒரு முடிவின் மேல், அதன் பலனும் கோளாறும் காலடியில் தடதடக்க, இரண்டு நாள் உட்கார்ந்து போகலாம்.

முதல் குழப்பம் நிலையத்திலேயே தொடங்கும். தார் எஸ் சலாமில் 'ரயில் நிலையம்' என்று மட்டும் சொன்னால் டாக்ஸிக்காரர் நகர மையத்தில் இறக்கிவிட வாய்ப்பு அதிகம். அது வேறு நிர்வாகம், வேறு பாதை. டாசாரா நிலையம் விமான நிலையம் போகும் வழியில், நியெரெரே சாலையும் மண்டேலா சாலையும் சந்திக்கும் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'டாசாரா' என்றே சொல்லுங்கள். உயர்ந்த கூரையும் அகன்ற கூடமுமாக, 1970களின் சீனக் கட்டடக் கலை அப்படியே நிற்கும்.

ஊருக்கு ஏன் இத்தனை நிலையம் என்பதில்தான் கதையே இருக்கிறது. இந்த ஒரு நகரத்தில் மூன்று அகலத் தண்டவாளங்கள் உண்டு. ஜெர்மானியர் தங்கள் காலனிக்குப் போட்ட மத்தியப் பாதை மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர். டாசாரா 1,067. 2024இல் பயணிகளுக்குத் திறந்த புதிய மின்சார ரயில் 1,435. ஒன்றின் பெட்டி இன்னொன்றில் ஓடாது. டாசாராவுக்கு 1,067 வந்ததற்குக் காரணம் ஜாம்பியா. அந்த நாட்டின் ரயில் தெற்கே, இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருந்த கேப் காலனியிலிருந்து ஏறி வந்தது. பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸ் கனவு கண்ட பாதையின் நீட்சி. செம்பு ஏற்றிய வேகன் சுரங்கப் பகுதியிலிருந்து துறைமுகம் வரை மாற்றி ஏற்றாமல் வர வேண்டுமென்றால் அதே அகலம் வேண்டும். ஆக, ரோடீஷியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) பிடியிலிருந்து தப்புவதற்காகப் போட்ட பாதைக்கும் ரோட்ஸ் காலத்து அகலமே அளவானது. அதற்கான விலையை டான்சானியா கொடுத்தது. அதன் சொந்த நாட்டு ரயில்கள் இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை. சரக்கை ஒன்றிலிருந்து இறக்கி மற்றதில் ஏற்ற கிடாத்துவில் ஒரு மாற்றுநிலையம் வருவதற்கு 1998 ஆகிவிட்டது.

ஜாம்பியா 1964 அக்டோபரில் விடுதலை பெற்றது. வருமானம் செம்பில். செம்பு வெளியே போகும் வழி ரோடீஷியா வழியாக. 1965 நவம்பர் 11 அன்று இயன் ஸ்மித்தின் வெள்ளையர் அரசு பிரிட்டனை மீறித் தானே சுதந்திரம் அறிவித்துக்கொண்டதும், அதிபர் கென்னத் கவுண்டாவின் ஜாம்பியா எதிரியின் வாசல் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும் என்றானது. டான்சானிய அதிபர் ஜூலியஸ் நியெரெரேயும் கவுண்டாவும் கேட்ட கடனை மேற்கு நாடுகளும் உலக வங்கியும் தரவில்லை. லாபம் வராது என்பது அவர்கள் கணக்கு. 1967 செப்டம்பரில் பெய்ஜிங்கில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 98.8 கோடி யுவான், வட்டியில்லாக் கடன். வேலை 1970 அக்டோபரில் தொடங்கி, பாதை 1976 ஜூலையில் ஒப்படைக்கப்பட்டது. உள்ளூர்க் கூலிக்கான பணம் வந்த வழி சுவாரசியமானது. சீனச் சரக்குகள் இரு நாட்டுக் கடைகளிலும் விற்கப்பட்டு, அந்த வருமானம் கட்டுமானச் செலவுக்குப் போனது. துணியும் பாத்திரமும் வாங்கிய சாதாரணக் குடும்பங்களும் இந்தப் பாதைக்குப் பணம் போட்டவர்கள்தான். 'உஹுரு ரயில்', விடுதலை ரயில் என்ற பெயர் வெறும் அலங்காரமில்லை.

இனி டிக்கெட். ஓடுவது இரண்டு வண்டிகள். ஒன்றின் பெயர் 'முகூபா'. பெம்பா மொழியில் செம்பு என்று பொருள். அது விரைவு வண்டி. 'கிளிமஞ்சாரோ' என்பது நின்று நின்று போகும் சாதாரண வண்டி. வழக்கமாக ஒவ்வொன்றும் வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு திசையிலும் ஓடும். ஆனால் என்ஜின் பற்றாக்குறையாலும் பாதை வேலையாலும் ரத்தாவது சகஜம். எனவே தேதியை இணையத்தில் பார்த்து நம்பாமல், நிலையத்துக்கு நேரில் போயோ தொலைபேசியிலோ இரண்டு முறை கேளுங்கள்: பதிவு செய்யும்போது ஒரு முறை, கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு முறை. இணைப்பு விமானத்தை அதே வாரத்தில் போட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம் திட்டுகிறார்கள்.

முதல் வகுப்பில் அறைக்கு நான்கு பெர்த், இரண்டாம் வகுப்பில் ஆறு. அதற்குக் கீழே உட்கார்ந்து போகும் இருக்கைகள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனி அறையில்தான் போடுவார்கள். தம்பதியோ குடும்பமோ சேர்ந்து போக வேண்டுமானால் நான்கு பெர்த்தையும் மொத்தமாக வாங்குவதே ஒரே வழி. கட்டணம் அதற்குக் கட்டுப்படியாகும் அளவில்தான் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் மூன்றாவது தட்டு வந்தால் பகலில் நிமிர்ந்து உட்கார முடியாது. விரிப்பும் போர்வையும் தருவார்கள். மேட்டு நிலத்தில் இரவு குளிர் கடுமை, குறிப்பாக ஜூன், ஜூலையில். கம்பளிச் சட்டை கட்டாயம். கழிவறைத் தண்ணீர் இரண்டாம் நாள் தீர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். கழிவறைக் காகிதம், கைவிளக்கு, பவர் பேங்க், ஆளுக்குக் குறைந்தது ஆறு லிட்டர் குடிநீர். உள்ளே உணவுப் பெட்டியில் கோழி, மாட்டிறைச்சி அல்லது மீனுடன் சோறு கிடைக்கும். சோறு வேண்டாதவர்களுக்கு உகாலி, அதாவது சோளமாவுக் களி. அதே களிக்கு எல்லை தாண்டியதும் 'ன்ஷிமா' என்று பெயர் மாறும். சாப்பாடு எளிமை, சூடு, தைரியமாகச் சாப்பிடலாம். சைவம் என்றால் சோறும் பீன்ஸும் கீரையும்தான், அதுவும் முன்கூட்டியே சொன்னால். நிலையங்களில் ஜன்னலுக்கே வாழைப்பழமும் வறுத்த சோளமும் வரும், சில்லறை வைத்திருங்கள். இரவில் ஜன்னலைத் தாழிடுங்கள், நின்ற வண்டியில் கை நீட்டிப் பை எடுப்பது தெரிந்த திருட்டு.

கிளம்பிய சில மணி நேரத்தில் பாதை நியெரெரே தேசியப் பூங்கா வழியாகப் போகிறது. பழைய செலூஸ் காப்பகத்திலிருந்து 2019இல் பிரித்தது. வண்டி நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே ஒட்டகச்சிவிங்கியும், அதிர்ஷ்டமிருந்தால் யானையும் தெரியும். சஃபாரிக்குப் பதில் இது போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பயணத்தின் உச்சம் ம்லிம்பாவுக்கும் மகம்பாகோவுக்கும் இடையில். கிலோம்பேரோ சமவெளியிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் இடம். பாதையின் 22 சுரங்கங்களில் பெரும்பான்மை இந்தத் துண்டில்தான். ம்பாங்கா ஆற்றுப் பாலம் சுமார் 50 மீட்டர் உயரக் கால்களில் நிற்கிறது. சீனத் தொழிலாளர் அறுபதுக்கும் மேற்பட்டோர் கட்டுமானத்தின்போது இறந்தார்கள்; ஆப்பிரிக்கத் தொழிலாளர் அவர்களைவிட அதிகம். வேடிக்கை என்னவென்றால், பிற்பகலில் தார் எஸ் சலாமிலிருந்து கிளம்பும் வண்டி ஒழுங்காக ஓடினால் இந்த ஏற்றம் பெரும்பாலும் இருட்டில் போய்விடும். தாமதமானால் பகலில் கிடைக்கும். டாசாராவில் தாமதத்தை வாழ்த்த வேண்டிய ஒரே இடம்.

தாமதம் ஏன்? ஒற்றைப் பாதை. எங்கோ ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டால் முன்னும் பின்னும் எல்லாம் நிற்கும். தடம் புரளக் காரணம், ஜல்லி மெலிந்து மண் கலந்துபோனது. மழைநீர் வடிகால் அடைத்து மேடு சரிவது. தேய்ந்த தண்டவாளத்தைக் காலத்தில் மாற்றாதது. அத்தகைய இடங்களில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிப் பலகை வைக்கிறார்கள். பலகைகள் கூடக்கூட அட்டவணை வெறும் காகிதமாகிறது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், அப்போது ஆபத்து இரட்டிப்பு. என்ஜின் இன்னொரு பிரச்சினை. முதலில் வந்த சீன ஹைட்ராலிக் டீசல் என்ஜின்கள் இந்த ஏற்றத்தில் திணறின. 1980களில் ஜெனரல் எலெக்ட்ரிக் வகை டீசல்-எலெக்ட்ரிக் என்ஜின்கள் வந்தபின் நிலைமை சீரானது. அவையும் வயதாகி, உதிரிபாகம் இல்லாமல் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை ஓட்டும் கட்டத்துக்கு வந்தன.

எல்லை டுண்டுமா–நகோண்டே. அதிகாரிகளே பெட்டிக்குள் வந்து முத்திரை குத்துவார்கள், இறங்கி வரிசையில் நிற்க வேண்டாம். பேருந்தைவிட ரயில் தெளிவாக மேலாக இருக்கும் இடம் இது. விசாவை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழைக் கைக்கெட்டும் பையில் வையுங்கள். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். ஷில்லிங்கை குவாச்சாவாக மாற்ற ஆட்கள் ஏறுவார்கள். அடுத்த ஊர் வரைக்குத் தேவையானதை மட்டும் மாற்றி, அவர்கள் பணத்தை எண்ணி முடித்தபின் உங்கள் பணத்தைக் கொடுங்கள். ஜாம்பியா 2013இல் குவாச்சாவில் மூன்று பூஜ்யங்களை வெட்டியது. செல்லாத பழைய ஆயிரங்களை யாராவது தள்ளப் பார்த்தால் ஏமாறாதீர்கள்.

காது கொடுத்தால் இங்கே வேறொன்றும் மாறுவது தெரியும். இதுவரை நடைபாதை வியாபாரி முதல் டிக்கெட் பரிசோதகர் வரை ஸ்வாஹிலி. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள நாட்டில் அதைப் பொது அடையாளமாக்கியது நியெரெரேயின் பெரிய சாதனை. எல்லைக்கு அப்பால் ஆங்கிலம் அலுவலுக்கு, பெம்பா சந்தைக்கு. கவுண்டா 'ஒரே ஜாம்பியா, ஒரே தேசம்' என்று முழங்கி எல்லா மொழிக்காரரையும் அமைச்சரவையில் கலந்து வைத்தார். அதே கவுண்டாவை, பெற்றோர் இன்றைய மலாவியைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லி, 1999இல் ஒரு நீதிமன்றம் நாடற்றவர் என்றே அறிவித்தது. மேல்முறையீட்டில்தான் குடியுரிமை மீண்டது. 27 ஆண்டு ஆண்டவருக்கே இந்தக் கதி என்றால், காலனி ஆட்சியாளர் கிழித்த கோடு எவ்வளவு ஆழம் என்று இந்த எல்லையில் யோசித்துப் பார்க்கலாம்.

ஜாம்பியப் பக்கம் 885 கிலோமீட்டர், பெரும்பாலும் சமமான நிலத்தில் மியோம்போ எனப்படும் வறண்ட மரக்காடு. கசாமா, ம்பிகா என்று நிலையங்கள். சாம்பேஷி ஆற்றுப் பாலத்தைக் கவனியுங்கள். 1979 அக்டோபரில் ரோடீஷியப் படையினர் இதைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அதற்கும் ஓராண்டு முன்பே, துறைமுக நெரிசலில் உரம் வந்து சேராமல், கவுண்டா ரோடீஷிய வழியைத் திரும்பத் திறக்க நேர்ந்தது. விடுதலைப் பாதை திறந்து இரண்டே ஆண்டில் இது நடந்தது.

பழியைச் சீனக் கட்டுமானத்தின் மேல் போடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. பாலங்களும் சுரங்கங்களும் இன்றும் நன்றாகவே நிற்கின்றன. சிக்கல் நிர்வாகத்தில். இரு அரசுகளுக்கும் சரிபாதிப் பங்கு. முதலீடு என்றால் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள். தலைமைப் பதவி ஒரு நாட்டுக்கு, துணைப் பதவி மற்ற நாட்டுக்கு என்ற பங்கீட்டில் சமத்துவம் இருந்தது, பொறுப்பு நழுவியது. இதற்கிடையே 1994இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்து தெற்கு வழிகள் திறந்ததும், பாதை போடப்பட்ட காரணமே போய்விட்டது. ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் சுமக்கக் கட்டிய பாதை, உச்சத்தில் 12 லட்சம் டன் அளவைத் தொட்டு, 2014–15இல் ஒரு லட்சத்துக்கும் கீழே விழுந்தது. எதிரி போன பிறகு எதற்காக ஓட்டுகிறோம் என்று இரு தலைநகரங்களும் உட்கார்ந்து பேசவே இல்லை.

2025இல் ஒரு சீன அரசு நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது; முதலீடு சுமார் 140 கோடி டாலர், கணிசமான பங்கு பாதையைப் புதுப்பிக்க. இந்த முறை கடன் கொடுத்து ஒப்படைத்துப் போகும் ஏற்பாடு இல்லை. ஓட்டி, சம்பாதித்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் பாதைக்கு அமெரிக்கா ஆதரவு தருவதும் இதே செம்புக்காகத்தான். பயணிகள் வண்டி இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்பதே கவலை. செம்பு வேகனுக்கு வழிவிட்டு நிற்பது எப்போதும் பயணிதான். புதுப்பிப்பு நடக்கும் காலத்தில் சேவை இருக்கிறதா என்பதையே முதலில் விசாரியுங்கள்.

கடைசியாக, இறங்கும் இடம். நியூ கபிரி ம்போஷி லுசாகா அல்ல. லுசாகா இன்னும் சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே. ஜாம்பியா ரயில்வேயின் கபிரி ம்போஷி நிலையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தனியாக இருக்கிறது, இரண்டு வண்டிகளின் நேரமும் பொருந்தாது. வாசலிலேயே லுசாகா பேருந்துக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். நள்ளிரவில் வந்து சேர்ந்தால் வெளியே போகாமல் நிலையக் கூடத்திலேயே விடியும்வரை இருங்கள். கூட வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள்.