ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு பின்பக்க ஸ்பிரிங்: பட்டறை வேலையா, புதுசா, ஸ்விங் ஸ்பிரிங்கா?

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும் அதன் உறவுக்கார வண்டியான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஒரு பட்டை செட்டு (லீஃப் ஸ்பிரிங், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்). இன்ஜின் சக்தியை இரு பின்சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃப்பரன்ஷியல் (சுருக்கமாக டிஃப்) தலைமேல் குறுக்கே கிடக்கும். இரு முனைகளும் இரு பக்க அப்ரைட்டில் (சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டு) மாட்டியிருக்கும். ஹெரால்டை இங்கே வண்டலூர் பக்கம் 1961 முதல் செய்ததால், இந்த அமைப்பைக் கழற்றிப் பழகிய கைகள் சென்னையில் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் பின்பக்கம் தொங்குகிறது என்றதும் ஸ்பிரிங் பட்டறையில் பெரும்பாலும் வரும் பதில், "ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாம் சார்". லாரிக்கு அது சரி. இந்த வண்டிக்கு அது ஆபத்து.

ஏனென்றால் டிஃப்பிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஹாஃப் ஷாஃப்டில் டிஃப் பக்கம் மட்டும்தான் கிராஸ் (மடங்கும் மூட்டு) உண்டு. சக்கரம் நேராக ஏறி இறங்காது, அந்தக் கிராஸை மையமாக வைத்து வட்டம் போடும். பாடி மேலே எழும்பினால் டயரின் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், வண்டி வாலைச் சுழற்றும். கூடுதல் பட்டை போட்டு உயர்த்திய வண்டி, நிற்கும்போதே அந்த நிலைக்குப் பாதி தூரம் போய்விடுகிறது. ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டாது என்பது மட்டும்தான் லாபம்.

அதனால் எந்த வழியை எடுத்தாலும் உயரத்தைப் பார்க்காதீர்கள், சக்கரத்தின் கேம்பரை, அதாவது அது உள்ளே வெளியே சாய்ந்திருக்கும் கோணத்தைப் பாருங்கள். சமதரையில் இரண்டு பேர் உட்கார, அரை டேங்க் பெட்ரோலோடு, வண்டியைச் சில மீட்டர் முன்னும் பின்னும் உருட்டிய பிறகு அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் டயர் ஒடுங்கியே நிற்கும், கணக்கு தப்பும். தூக்குக் குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை எடுங்கள். 13 அங்குல ரிம்மில் இரண்டுக்கும் வித்தியாசம் 6 மிமீ என்றால் 1 டிகிரி. மேல்பக்கம் 1 முதல் 2 டிகிரி உள்ளே சாய்ந்திருந்தால் அது தொங்கல் இல்லை, நல்ல நிலை. அதை யாரும் 'சரிசெய்ய' வேண்டியதில்லை.

உண்மையிலேயே 4, 5 டிகிரி போயிருந்தால்தான் தேர்வு வருகிறது.

பழைய பட்டையைப் பட்டறையில் வளைப்பது மலிவு. செய்கிற ஆள் சரியாக இருந்தால் நன்றாகவே உழைக்கும். கேட்க வேண்டிய ஒரே கேள்வி: சூடேற்றி வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றி டெம்பர் செய்கிறார்களா? குளிர்ந்த பட்டையைச் சுத்தியலால் தட்டி வளைத்தால் சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். எண்ணெயில் முக்கியதோடு நிறுத்தி, டெம்பர் செய்யாமல் விட்டால் பட்டை கண்ணாடி மாதிரி உடையும். முனையில் கண் (போல்ட் மாட்டும் வளையம்) உள்ள முதல் பட்டை உடைந்தால் அந்தப் பக்கமே உட்கார்ந்துவிடும். அளவையும் நீங்களே சொல்லுங்கள். சக்கரத்தில் 1 டிகிரி மாற, ஸ்பிரிங் முனை சுமார் 8 மிமீ கீழே வர வேண்டும். 5 டிகிரியிலிருந்து 2க்கு வரவேண்டுமானால் இரு முனையும் 25 மிமீ, அதற்குமேல் வேண்டாம். பட்டைகளைப் பிரித்ததும் நடுவில் பாருங்கள்: கடலோரத்தில் நிற்கும் வண்டியென்றால் துரு செதில் செதிலாகக் கிடக்கும். அந்தத் துரு பட்டைகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதால்தான் சவாரி கட்டையாக இருக்கும். சுத்தம் செய்து கிராஃபைட் கிரீஸ் தடவினாலே பாதி குறை போய்விடும். மயிரிழை விரிசல் ஏதாவது தெரிந்தால் வளைக்கும் பேச்சே வேண்டாம்.

அப்போது வழி, இங்கிலாந்திலிருந்து புது ஃபிக்ஸ்டு ஸ்பிரிங், அதாவது எல்லாப் பட்டையும் டிஃப்பில் இறுக்கப்படும் பழைய வகை. வளைவும் டெம்பரும் பற்றிய கவலை குறைவு. கனமான இரும்பு என்பதால் கப்பல் கூலியும் சுங்கமும் வலிக்கும். நான்கு பேர் போகும் ஹெரால்டுக்கு இதுதான் சரியான பதில். ஸ்பிட்ஃபயருக்கான ஸ்பிரிங்கை மலிவாகக் கிடைக்கிறதென்று ஹெரால்டில் மாட்டாதீர்கள். அது இரண்டு பேர் வண்டியின் சுமைக்குச் செய்தது.

ஸ்விங் ஸ்பிரிங், ட்ரையம்ஃபே கொடுத்த தீர்வு. 1970 இறுதியில் வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 4இல் அறிமுகம். இதில் அடிப்பட்டை மட்டும் டிஃப்பில் இறுக்கியிருக்கும், மற்ற பட்டைகள் ஒரு பெட்டிக்குள் ஊஞ்சல் போல இரு பக்கமும் அசையும். குழியில் இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கும்போது முழு செட்டும் சுமை தாங்கும். வளைவில் பாடி சாயும்போது அந்தச் சாய்வைப் பெரிதாக எதிர்க்காது. அதனால் வெளிச்சக்கரத்தின் மடக்கு மிகவும் குறைகிறது. ஈசிஆரில் வேகம் எடுக்கும், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இறங்கும் ஸ்பிட்ஃபயருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஆனால் தனியாக மாட்டக் கூடாது. பின்பக்கம் விட்டுக்கொடுத்த எதிர்ப்பை முன்பக்கம் ஈடுகட்ட வேண்டும்: மார்க் 3 வரை 11/16 அங்குலமாக இருந்த முன் ஆன்டி ரோல் பாரை (பாடி சாய்வதைத் தடுக்கும் கம்பி), மார்க் 4இல் 7/8 ஆக்கியது இதற்காகத்தான். பாரை மாற்றாமல் விட்டால் வண்டி படகாகச் சாயும். ஸ்பிரிங்கை டிஃப்பில் பிடிக்கும் ஸ்டட்டுகளும் (மரைக்கம்பிகள்) இந்தப் பெட்டிக்குரிய நீளத்தில் சேர்த்து வாங்குங்கள்.

டிஃப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் லோயரிங் பிளாக் வைப்பது, ஏற்கெனவே உயர்த்தித் தொலைத்த வண்டியை இறக்க உதவும். 1 அங்குலம் இறக்கினால் கிட்டத்தட்ட 3 டிகிரி மாறும், நம் ஸ்பீடு பிரேக்கர்களில் சைலன்சர் உரசும். ஹெரால்டுக்குப் பிறகு வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் போல லைவ் ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் மடங்காத ஒரே அச்சு) மாற்றுவது வேறு வண்டி கட்டுகிற வேலை.

மாட்டும்போது: சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன் அப்ரைட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். சக்கரம் கீழே இறங்காமல் பிடித்திருப்பது அந்த ஷாக்தான்; விட்டால் சுமை பிரேக் ஹோஸில் தொங்கும். சீட்டுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கழற்றினால் (ஹெரால்டில் பின் சீட்டுக்கு அடியில்) ஸ்டட் நட்டுகள் தெரியும். ஸ்பிரிங் பக்கவாட்டில் உருவி வரும். நட்டுகள் அங்குல மரை, புதுப்பேட்டையில் கிடைக்கும் மில்லிமீட்டர் நட்டு சேராது. ஸ்டட் அடியில் சீலன்ட் தடவாவிட்டால் டிஃப் எண்ணெய் கசியலாம். திறந்த கையோடு ஹாஃப் ஷாஃப்ட் கிராஸையும் அசைத்துப் பாருங்கள். கண் போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏற்றி, உருட்டிய பிறகுதான் முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். 500 கிமீ ஓடி ஸ்பிரிங் படிந்ததும் நூலைத் தொங்கவிட்டு மறுபடி அளந்து, ஸ்டட் நட்டுகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.